பழைய காரை ஓட விடுங்கள்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விண்டேஜ்’ என்ற தனித் தகுதி அதில் கிடைத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ என்று வரும். பழைய கார் வைத்திருப்போர் இதை வரவேற்றார்கள், வரவேற்க வேண்டியதும்தான். அதுவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கணக்கில் 1962ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரும் காயலான் கடைக்குப் போகவேண்டிய பழைய டாக்சியும் ஒரே ரகம். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. இப்படிப் பதிவான வண்டியை வழக்கமான பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் ஒருவரிடம் அப்படியொரு கார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிப் பக்கம் போய்க் காய்கறி வாங்கிவந்தால் அது விதிமீறல். அதே காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டி நிறுத்தினால் அது பாரம்பரியப் பாதுகாப்பு. இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. வண்டி எதற்காக வெளியே வந்தது என்று கேட்கும் விதி, எந்த நிலையில் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்றுதான் கேட்க வேண்டும். பழைய இயந்திரம் ஓடினால்தான் பிழைக்கும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அப்படியே.

முதலில் இயந்திரத்தின் பக்கம். நிறுத்தி வைத்த கார் பத்திரமாக இருக்கும் என்பது கார் ஓட்டுபவர்கள்கூட நம்பும் பொய். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும். துருப்பிடித்த பிஸ்டன் இறுகிக்கொள்ளும். கார்புரேட்டரில் நின்றுபோன பெட்ரோல் பிசினாகிச் சிறு துளைகளை அடைக்கும். பாதி காலியான பெட்ரோல் டேங்கின் உட்புறம் பொரிந்து உதிரும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயில் நனையாத ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். சமவெளியிலேயே இப்படி என்றால், ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூட்டம் கலையாத பழனி மலையில் கேட்கவே வேண்டாம். ‘பராமரிப்புக்கு எடுக்கலாம் என்றுதான் விதி சொல்கிறதே’ என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பெட்ரோல் பங்க்குக்கும் பட்டறைக்கும் போய்வரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் எஞ்சினுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து தங்குகிறது. சைலன்சருக்குள்ளும் தண்ணீர் தேங்குகிறது. ஒரு மணி நேரமாவது தொடர்ந்து, எல்லா கியரிலும், சூடேறி ஓடினால்தான் அந்த ஈரம் போகும். விதி அனுமதிக்கும் ஓட்டம் வண்டியைக் கெடுக்கும் ஓட்டம். வண்டிக்குத் தேவையான ஓட்டத்துக்கு விதியில் இடமில்லை.

இதற்கான சான்றைத் தேடிக் கொடைக்கானலை விட்டு இறங்க வேண்டியதில்லை. 1901இல் பணியைத் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1850இல் பாரிஸில் செய்யப்பட்டு வாங்கப்பட்டது. 1898இல் டப்ளின் நகரின் கிரப் நிறுவனம் அதைச் சூரியனைப் படம் எடுப்பதற்கேற்ப மாற்றி அமைத்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாள்களில் அது சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்ததும் இதே ஆய்வகத்தில்தான். இன்று உலக ஆய்வாளர்கள் கொடைக்கானல் படங்களைத் தேடி வருவது, இடைவிடாத அந்த நூற்றாண்டுத் தொடருக்காக. அந்தத் தொலைநோக்கியைப் பழமையின் பெயரால் 1950களில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தால் அந்தத் தொடர் அங்கேயே அறுந்திருக்கும். நீலகிரியிலும் இதுவே கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பல்சக்கரப் பாதைக்கான ‘எக்ஸ்’ ரக நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. 2005இல் யுனெஸ்கோ அந்த ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது; ரயில் நிற்கவில்லை. பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே ரகத்தில் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டினார்கள். டீசலும் மின்சாரமும் ஆளும் காலத்தில், நீராவிக் கொதிகலன் செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரே காரணம் அந்த ரயில் தினமும் ஓடுவது. கோவையில் 2015இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகமும் சென்னையில் 2023இல் திறந்த ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகமும் செய்யும் வேலை வேறு. அது தேவையான வேலை. ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போகும் குழந்தை காரைப் பார்க்கிறது. அதன் சத்தத்தையும் பெட்ரோல் வாசனையையும் அறிவதில்லை. அதைவிட முக்கியம், அங்கே ஒரு மெக்கானிக் உருவாவதில்லை.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நமக்கு மகாராஜாக்களும் தேயிலைத் தோட்டத் துரைமார்களும் நினைவுக்கு வருவது இயல்பு. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் வரியும் சேர்ந்து, அவை இங்கே வருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. 1962க்கும் 1980க்கும் இடையே பிரிட்டன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களைச் செய்தது. அதே ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. கார்கள், 1961 முதல் 1975 வரை ஜாகுவார் இ-டைப் எழுபதாயிரத்துச் சொச்சம். அங்கே தெருவில் கிடந்த வண்டிகள் இங்கே அபூர்வம். ஆனால் ஸ்பிட்ஃபயரின் கதையில் பாதி சென்னையை அடுத்த வண்டலூரில் இருக்கிறது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கார்களை அங்கே கட்டியது. 1961இல் வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு; அந்தக் கம்பெனியின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே அந்தப் பெயரில் வந்தது. டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் வாங்கிய குடும்பக் கார். அதன் சேசிஸைக் குறுக்கி, அதன் முன்பக்க சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் அப்படியே எடுத்து, 948 சிசி எஞ்சினை 1,147 சிசியாகப் பெருக்கிச் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. ஹெரால்டின் பானெட்டை மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் முன்சக்கரம் வரை எல்லாம் கைக்கு எட்டும். பந்தயக் கார் மரபில் வந்ததாக ஸ்பிட்ஃபயரில் போற்றப்படும் அந்த வசதி, நம் ஊர் மெக்கானிக்குக்கு ஹெரால்டிலேயே பழகிப்போனது. லோட்டஸ் நிறுவனமே தன் ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்சக்கரத்துக்கு ஹெரால்டின் உதிரிபாகத்தைத்தான் வாங்கிப் பயன்படுத்தியது.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. ஸ்டாண்டர்டு என்ற பெயர் கார்களின் மேல் பிரிட்டனில் 1963இலேயே மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1988 வரை இருந்தது. 1968இல் வண்டலூர்க்காரர்கள் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். அது இங்கிலாந்தில் இல்லவே இல்லை. 1972இல் அதையே மாற்றி ‘கெஸல்’ என்று விட்டபோது, வளைவில் மடங்கும் குணமுள்ள பின் ஆக்ஸிலை நம் சாலைகளுக்கேற்ற உறுதியான ஒற்றை ஆக்ஸிலாக மாற்றினார்கள். ராயல் என்ஃபீல்டு கதை எல்லோருக்கும் தெரியும். 1955இல் சென்னையில் காலூன்றிய நிறுவனம், தாய்க் கம்பெனி 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டே இருந்தது. பிற்பாடு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. ஸ்டாண்டர்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 கையைச் சுட்டது. மூன்று ஆண்டில் உற்பத்தி நின்றது. ஆகவே அபூர்வமான பழைய பிரிட்டிஷ் காரைக் காப்பது என்றால் அயலார் சொத்தைக் காப்பது என்று எண்ண வேண்டாம். அந்த இயந்திரங்களின் உள்ளறிவு வண்டலூர்த் தொழிலாளர்களிடமும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளிலும் கோவை லேத் பட்டறைகளிலும் வளர்ந்தது. ஒன்று சொல்கிறேன். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கரத்தை அடியில் தாங்குவது ட்ரனியன் என்ற வெண்கல வார்ப்பு. அதற்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் ஈரம் புகுந்து துரு ஏறும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். பழைய மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமான இந்த அறிவு, அந்தக் கார் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். வருடத்துக்கு ஒரு பேரணிக்கு மட்டும் வெளிவரும் காரைப் பார்த்து எந்த இளைஞனும் இத்தொழிலைக் கற்கமாட்டான். அவனுக்குச் சோறு போட அது போதாது.

மலைப்பாதை இந்தக் கார்களுக்கு வைக்கும் தேர்வு கடுமையானது. அதனால்தான் கொடைக்கானலை எடுத்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது 1,700 மீட்டருக்கும் மேல் உயர்கிறோம். டம் டம் பாறை, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி மேலே வரும்போது காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எஞ்சின் வலிமையும் அதே அளவு குறையும். 63 குதிரைத்திறன் கொண்ட முதல் ஸ்பிட்ஃபயர், அட்டுவம்பட்டிக்கு வரும்போது 50 குதிரைத்திறன் வண்டியாகிவிடும். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். இன்றைய கார்களில் கணினி உணர்ந்து சரிசெய்வதை இங்கே ஓட்டுநர்தான் செய்ய வேண்டும். கடற்கரையில் சரியாக இருந்த கார்புரேட்டர் மலைமேல் காற்றுக்குத் தேவையானதைவிட அதிக பெட்ரோல் கொடுக்கும், கரும்புகை தள்ளும், ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. இப்போது பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை எதிர்த்திசையில் இளைக்கச் செய்கிறது. சமவெளியில் பழைய எஞ்சினைச் சூடாக்கித் தொல்லை தரும் அதே எரிபொருள், மலைமேல் கார்புரேட்டரின் பிழையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது! ரப்பர் குழாய்களை அது அரிப்பது மட்டும் எந்த உயரத்திலும் மாறாது. அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். இறக்கத்தில் நிலைமை வேறு. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் கொண்ட ஹெரால்டைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதியிலேயே பிரேக் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய ஓட்டுநர்களின் பாடம் இங்கே உயிர்க்காப்பு. கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரைத் திடீரென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலும். ஆனால் அதே ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய சிறிய கார்களுக்கே 30 அடி வேண்டும். மலையில் அதன் குறையும் நிறையும் ஒரே வளைவில் தெரியும். இப்படி ஓட்டத் தெரிந்திருப்பதும் ஒரு கைத்தொழில். கண்காட்சித் திடலில் அதைப் பழக முடியாது.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பிரிட்டனில் 40 ஆண்டுகள் கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யப்படாதவை என்றால், 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. லண்டனின் மாசு மண்டலக் கட்டணத்திலிருந்தும் அவற்றுக்கு விலக்கு. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போனாலும் கேட்பாரில்லை. இது அளவுக்கு மிஞ்சிய தாராளம் என்பது என் கருத்து. சோதனையைக் கைவிட்டது தவறு. ஜெர்மனி செய்வது இன்னும் அறிவார்ந்தது. 30 ஆண்டுகள் கடந்த வண்டி மூல நிலையில், நல்ல பராமரிப்பில் இருக்கிறது என்று வல்லுநர் சான்றளித்தால் நம்பர் பிளேட்டில் ‘எச்’ எழுத்து கிடைக்கும். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ளும் ஓட்டலாம். பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. தொல்கட்டடங்களைக் காக்கும் வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்ட அது, பழைய வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று ஒப்புக்கொள்கிறது. நாம் 50 ஆண்டு என்று வயதை உயர்த்தி, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, ஓட்டத்தைத் தடுத்திருக்கிறோம்.

மறுப்புகளில் வலுவானது மாசு. அதை மழுப்பக் கூடாது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் இந்தியப் பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது 1995இல். அதற்கு முந்தைய கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்றைய பிஎஸ்-6 காரைவிடப் பல மடங்கு நச்சைக் கக்கும். சோலைக்காடுகள் எஞ்சியிருக்கும் பழனி மலையில் அதை அன்றாடம் ஓட்டலாம் என்று வாதிட எனக்கு மனமில்லை. ஆனால் மாசு என்பது எண்ணிக்கையும் தூரமும் பெருக்கி வருவது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. ஒரு வண்டி மலை ஏறி இறங்க 100 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரே வார நாளில் 4,00,000 கிலோமீட்டர். கணக்குக்காக, இந்த மலையில் 20 விண்டேஜ் கார்கள் இருப்பதாகவும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும் கொள்வோம். ஓராண்டு முழுதும் சேர்ந்தால் 40,000 கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருபது மடங்கு மாசு என்றே வைத்தாலும், ஆண்டு மொத்தமும் இரண்டு வார நாள்களின் சுற்றுலாப் போக்குவரத்துக்குச் சமம். அது பூஜ்யமல்ல, பொறுக்கக்கூடியது. அதைப் பொறுக்கக்கூடியதாக வைத்திருப்பது தூர வரம்புதான். இப்போதைய விதியில் அப்படி ஒரு வரம்பே இல்லை. பேரணி என்ற பெயரில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் விதி வாய் திறக்காது!

அட்டுவம்பட்டிக்காரர்கள் எழுப்பக்கூடிய மறுப்பு இதைவிட நேரடியானது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்து மாணவிகளும், வில்பட்டி, பள்ளங்கிப் பக்கத்து விவசாயிகளும் நம்பியிருக்கும் சாலைகள் அகலமானவை அல்ல. கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிய பிக்-அப் வண்டி சந்தை நேரத்துக்கு இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் போக வேண்டும். ரேடியேட்டர் கொதித்து நடுவளைவில் நிற்கும் ஒரு பொழுதுபோக்குக் கார் அத்தனை பேரையும் தடுத்துவிடும். இது நியாயமான கோபம். மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 அன்று வந்ததே இந்த நெரிசலால்தான். ஆகவே கோடைக் காலத்தில், உச்சவரம்பு நடப்பில் இருக்கும் நாள்களில், வெளியூர் விண்டேஜ் கார்கள் மலைப்பாதைக்கு வரவே கூடாது என்பேன். பேரணிக்கும் இதில் விலக்கு வேண்டாம். சொல்லப்போனால் மலைமக்களுக்குத் தனித்தனியாக வரும் ஒரு பழைய காரால் தொல்லை குறைவு. ஐம்பது கார்களை ஒன்றாக மேலே ஏற்றி, வழிநெடுக நிறுத்திப் படம் எடுத்து, சாலையை அடைக்கும் பேரணிதான் தொல்லை. விதி அனுமதிப்பது அதை. தடுப்பது மழையில்லாத ஒரு காலையில், சந்தை வண்டிகள் போன பிறகு, தனியாக ஒரு மணி நேரம் ஓடி வீடு திரும்பும் காரை.

பாதுகாப்பு பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் இல்லாதது பெரும்பாலும் ஓட்டுபவரின் ஆபத்து. பிரேக் பிடிக்காதது எதிரே வருபவரின் ஆபத்து. விண்டேஜ் பதிவுக்கு முன் வண்டியைப் பார்வையிட மாநில அளவில் குழு அமைக்க விதி ஏற்கெனவே வழிசெய்திருக்கிறது. அந்தக் குழு கார் எவ்வளவு அசல் என்று பார்ப்பதோடு நிற்காமல், பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்குகளை ஆண்டுதோறும் சோதிக்கட்டும்.

எஞ்சியிருப்பது, வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் பலர் மனத்தில் இருக்கும் மறுப்பு: பணக்காரர் விளையாட்டுக்கும் வெள்ளைக்காரன் மிச்சத்துக்கும் சட்டம் ஏன் வளைய வேண்டும்? முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவருக்கு வரிச் சலுகை தேவையில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இன்றைய ஏற்பாடு பணக்காரருக்குத்தான் வசதி. இரண்டாவது கார் உள்ளவர் விண்டேஜை மூடி வைத்துவிட்டு வேறு வண்டியில் போவார். அப்பா வாங்கிய ஹெரால்டை மட்டும் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, ஓட்ட முடியாத விண்டேஜ் பதிவால் பயனில்லை. சாதாரணப் பதிவிலேயே தொடரலாம் என்றால், 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்றால் 80,000 ரூபாய். இரண்டாம் பாதியைப் பொறுத்தவரை, கொடைக்கானலில் ‘அந்தக் கால’ ஏக்கத்தை விற்கும் விளம்பரங்கள் எனக்கும் உவப்பில்லை. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே பங்களா கட்டியபோது அவர்களையும் அவர்கள் மூட்டைகளையும் டோலியில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் நம் கூலிகள். மோட்டார் போகும் பாதை 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மலையுச்சிக்கு வந்த பிறகே அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. பாறையை வெட்டி அந்தப் பாதையைப் போட்டவர்களும் நம்மவர்களே. மலைப்பாதையில் பழைய காரைப் பார்க்கும்போது துரையின் தொப்பி நினைவுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டன் கைவிட்ட காரைச் சில ஆண்டுகள் கூடுதலாகக் கட்டிய வண்டலூரும், அதற்கு உதிரிபாகம் கடைந்த லேத் பட்டறையும் நினைவுக்கு வரலாம்.

மாற்ற வேண்டியது அதிகமில்லை. ‘வழக்கமான பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் என்ற வரம்பை வையுங்கள். ஓடோமீட்டர் அளவை ஆண்டுச் சோதனையின்போது பதிவு செய்யுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கான தடை இருக்கட்டும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதை அனுமதித்தால் வரம்பு நிற்காது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் தகுதியில்லை என்ற பிரிவில் ஒரு விளக்கம் சேருங்கள்: பிரேக்கை மேம்படுத்துவதும் எத்தனால் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும் மூல வடிவைக் கெடுத்ததாகாது. மலைப்பகுதிகளில் நேரத்தையும் மாதத்தையும் அந்தந்த மாவட்ட ஆட்சியர் வரையறுக்கலாம். திண்டுக்கல், நீலகிரி மாவட்டங்களில் இ-பாஸ் வழியாக அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விதி மத்திய அரசுடையது. ஆனால் பதிவுக் குழுவை அமைப்பதும் வண்டியைச் சோதிப்பதும் மாநிலம். தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை இந்த மூன்று திருத்தங்களையும் பரிந்துரையாக எழுதி டெல்லிக்கு அனுப்ப வேண்டும்.